கொரோனாவுக்குப் பிறகு கம்பெனிகள் திறந்தும், ஆம்பூர் பக்கம் பலர் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இல்லாத வேலையிலேயே இருப்பது ஏன்?

முன்பெல்லாம் மந்தம் வந்தால், கம்பெனி வேலை போனவர்கள் தள்ளுவண்டி, கூலிவேலை என்று சமாளித்தார்கள். 2020 மார்ச் 25 ஊரடங்கில் அந்த வழியும் அடைபட்டது. தளர்வு வந்ததும் முதலில் திரும்பியதும் அதே முறைசாரா வேலைகள்தான். ஆர்டர் நிலையில்லாதபோது நிரந்தர ஆள் எடுக்க முதலாளி தயங்குவார். அரிசி வாங்க வேண்டியவர் காத்திருக்க முடியாது.

ஆம்பூரில் ஷூவின் மேல்தோலை வீட்டிலேயே கையால் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தோலை ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார். கரண்ட் பில்லும் முதுகுவலியும் அவர்கள் பாடு. ஏற்றுமதி நின்றால் ஏஜென்ட் வரமாட்டார். நோட்டீஸும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது.

குடியாத்தத்தில் வீட்டில் பீடி சுற்றுபவர் நிலை சட்டப்படி வேறு. 1966 பீடித் தொழிலாளர் சட்டம் அவர்களையும் தொழிலாளராக ஏற்றது. 1985-ல் உச்ச நீதிமன்றம், வீட்டில் சுற்றுவோருக்கும் பி.எஃப். பொருந்தும் என்றது. இரண்டுமே வீட்டுத் திண்ணையில் நடக்கும் வேலை. ஷூ தைப்பவருக்கு மட்டும் ஏன் அது கூடாது? இது அநியாயம் என்றே சொல்வேன்.

முறைசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தால் அட்டை கிடைக்கும், பதிந்துவிடுங்கள். ஆனால் அந்த அட்டை பி.எஃப். ஆகிவிடாது, அதற்கு, வேலை தருபவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.