வீட்டில் குண்டுமல்லி, தலையில் கடைப்பூ

கேள்வி: வணக்கமுங்க. எனக்கு வயது 61. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோபிக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். மகன் குடும்பத்தோடு கோவையில் இருக்கிறான். ஓய்வுக்குப் பிறகு பொடக்காலியிலும் (வீட்டின் பின்பக்கம்) மொட்டை மாடியிலும் தோட்டம் போட்டேன். மார்கழியில் குச்சி குச்சியாக நின்ற செடியெல்லாம் மாசி பிறந்ததும் துளிர்த்து, இந்தப் பங்குனியில் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். குண்டுமல்லி வரிசை முழுக்க மொட்டு. வெண்டை, தக்காளி, கத்தரி காய்த்துக் கிடக்கிறது. கறிவேப்பிலையில் புதுக் கொழுந்து, வேப்பமரத்தில் பூ. காலை 5 மணிக்கு எழுந்தால் 9 மணி வரை அங்கேதான் இருப்பேன். படம் எடுத்து மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஆனால் மனைவி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கூப்பிட்டால் ‘அடுப்புல வேலை இருக்குது’ என்பாள். செடியில் இருந்தால்தான் அழகு என்பதால் நான் யாரையும் பூப் பறிக்க விடுவதில்லை. அவளும் ஒன்றும் சொல்வதில்லை, சாயங்காலம் வாசலுக்கு வரும் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்கிறாள். 6 வயதுப் பேரன் போன முறை வந்து தக்காளிப் பிஞ்சைப் பிய்த்து எறிந்ததால் சுற்றிலும் வலை கட்டிவிட்டேன். அவனும் வந்தால் செல்போன்தான். என் சந்தோஷத்தை வீட்டில் இருப்பவர்களும் உணர என்ன வழி? கூடவே, மல்லியில் சில இளம் இலைகள் வெளுத்து மஞ்சளாகின்றன. அதற்கும் ஒரு யோசனை சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ‘பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்கிறாள்.’ போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்ததாகப் பேரனுக்குப் போய்விட்டீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை குண்டுமல்லி மொட்டு விட்டு நிற்கிறது. அந்த வீட்டு அம்மா வாசலில் காசு கொடுத்துப் பூ வாங்குகிறார். ‘ஒன்றும் சொல்வதில்லை’ என்று எழுதி, அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏனுங்கண்ணா, இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவர் வாயைத் திறக்காமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒருமுறை கேட்டிருப்பார். வேண்டாம் என்றிருப்பீர்கள். அதோடு அந்தப் பக்கம் வருவதையே நிறுத்தியிருப்பார். எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று அண்ணி மேல் குறை சொல்கிறீர்கள். பார்க்க மட்டும் கூப்பிட்டால் யார் வருவார்கள்? தன் வீட்டில் பூத்த பூவை வேடிக்கை பார்த்துவிட்டுப் போக அவர் என்ன விருந்தாளியா?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஓய்வு பெற்ற ஒருவருக்குக் கோயில் திருப்பணி, இன்னொருவருக்கு நடைப்பயிற்சிக் கூட்டாளிகள், வேறொருவருக்குப் பழைய பாட்டு, உங்களுக்குத் தோட்டம். என் சந்தோஷத்தில் வீட்டில் யாரும் பங்கெடுப்பதில்லையே என்பதுதான் எல்லாருக்கும் மனக்குறை. பங்கு கொடுத்தோமா என்று யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆறுதலாக நாலு வார்த்தை எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு அண்ணி பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

செடியில் இருந்தால்தான் அழகு என்கிறீர்கள். குண்டுமல்லிக்கு அது சரிப்படாது. நன்றாகப் பருத்து வெள்ளையாகத் திரண்ட, இன்னும் விரியாத மொட்டை விடியற்காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மொட்டு கைக்குச் சில்லென்று இருக்கும். காம்போடு சேர்த்து விரல் நுனியில் பிடித்து லேசாகக் கிள்ளினால் வந்துவிடும். வாசனை அப்போது வராது. பொழுது சாய்ந்த பிறகு, தொடுத்த சரத்திலேயே ஒவ்வொன்றாக வாய் திறந்து மணக்கத் தொடங்கும். செடியிலேயே விட்டாலும் அந்த இரவில் அது மலரத்தான் செய்யும், மறுநாள் வெயிலில் பழுப்பேறிக் கீழே விழும். எப்படிப் பார்த்தாலும் அதற்கு ஒருநாள்தான் வாழ்வு. அந்த ஒருநாளை அண்ணியின் தலையில் கழிக்க விடாமல் தொட்டி மண்ணில் உதிர விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களுக்குப் பக்கத்து ஊரான சத்தியமங்கலத்துப் பூக்காடுகளில் போய்ப் பாருங்கள். இருட்டோடு இருட்டாக ஆட்கள் இறங்கி மொட்டு எடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு எடுக்காத மொட்டு நாளைக்குக் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து விலை எங்கேயோ ஏறி நிற்கும் பூ, பங்குனி, சித்திரையில் மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கும். அப்படிக் கொட்டுகிற மாதத்தில், சொந்தமாக ஒரு வரிசைச் செடி வைத்திருக்கிற வீட்டில், ஒரு முழம் பூவுக்கு அஞ்சறைப் பெட்டியில் சில்லறை தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். கோடையில் மல்லிக்கு மொட்டுப்புழு வரும். மொட்டு ஊதா நிறமாக மாறி, ஓட்டை விழுந்து உதிர்ந்தால் அதுதான். தாக்கிய மொட்டைத் தேடி எடுத்து அழிப்பது முதல் வேலை. தினமும் செடிக்குள் கை விட்டுப் பறிக்கிறவர்கள் கண்ணுக்கு அது ஆரம்பத்திலேயே பட்டுவிடும். தள்ளி நின்று படம் எடுக்கிறவர்களுக்குச் செடி காலியான பிறகுதான் தெரியும்.

வெண்டையும் தக்காளியும் ‘காய்த்துக் கிடக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பறித்தோம், குழம்பு வைத்தோம், பக்கத்து வீட்டுக்கு ஒரு கூறு கொடுத்தோம் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிகிற பதத்தில் எடுக்க வேண்டும். நாலு நாள் விட்டால் நார் பாய்ந்துவிடும். செடியும் விதையை முற்ற வைக்கிற வேலையில் இறங்கி, புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். கறிவேப்பிலையும் நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் பக்கக் கிளை விட்டு அடர்த்தியாக வளரும். இவ்வளவும் தெரியாதவராக நீங்கள் இருக்க முடியாது. கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மல்லியைக் கவாத்துச் செய்திருப்பீர்கள், அதனால்தான் மார்கழியில் குச்சியாக நின்று இப்போது இப்படிப் பூக்கிறது. அப்போது வெட்டத் துணிந்த கைக்கு இப்போது ஒரு மொட்டை எடுத்துக் கொடுக்க ஏன் மனசு வரவில்லை?

நம் பக்கத்தில் பொடக்காலி காலங்காலமாகப் பெண்களின் இடம். பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற வழியில் வாழை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை, வேலியில் அவரைக் கொடி, மூலையில் ஒரு முருங்கை. அதைத் தோட்டம் என்று யாரும் பேர் வைத்துச் சொன்னதில்லை. மதியத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றால் நாலு எட்டு வைத்துப் போய்ப் பறித்து வந்து உலையை ஏற்றுவார்கள். ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்தால் கிளம்பும்போது அந்தக் காயில் ஒரு பை போய்ச் சேரும். நீங்கள் தோட்டம் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று எழுதவில்லை. அண்ணி வைத்த கனகாம்பரமோ துளசியோ இருந்ததா, அதை எங்கே நகர்த்தினீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடுத்து என்ன விதைக்கலாம் என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா? சமைக்கிறவர் அவர்.

காலை 5 மணியிலிருந்து 9 மணி வரை நீங்கள் தோட்டத்தில். அதே நேரத்தில் உள்ளே வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி, காப்பி போட்டு, பலகாரம் செய்து, மதியத்துக்கு அரிசி களைந்து வைக்கிற வேலை நடக்கிறது. ‘அடுப்புல வேலை இருக்குது’ என்று அவர் சொன்னது சாக்குப்போக்கு என்று நினைத்தீர்களா? அவர் உள்ளதைத்தான் சொன்னார். உங்களுக்கு அரசாங்கம் ஓய்வு கொடுத்து அனுப்பியது. அண்ணிக்கு ஓய்வு கொடுக்க அரசாங்கம் வராது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய உழைப்பில் நடக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புருஷன் பொண்டாட்டிக்குள் கடமை என்று ஒன்று இருந்தால், பென்ஷன் வாங்குகிற வயதில்தான் அது ஆண்களுக்குக் கூடுகிறது.

என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நாளைக் காலையில் நீங்கள் போய்க் காப்பியைப் போடுங்கள். இட்லிக்கு ஊற்றி அடுப்பில் வைக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள், கவாத்தைவிட அது சுலபம். ‘இந்த மல்லி வரிசை உன்னுது, நீ பாத்துக்க’ என்று அண்ணியிடம் சொல்லுங்கள். ‘வேணுங்கிறத எடுத்துக்க’ என்று சொல்லாதீர்கள். அது உங்கள் சொத்திலிருந்து அவருக்கு அனுமதி கொடுப்பது. வரிசையையே விட்டுக்கொடுங்கள். எதை எடுப்பது, எதை விடுவது, கோயிலுக்கு எவ்வளவு, மருமகளுக்கு எவ்வளவு, கார்த்திகை வந்தால் எப்போது வெட்டுவது, எல்லாம் அவர் தீர்மானம். மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று நீளமாகப் பேச வேண்டாம், வாட்ஸ்அப்பில் படமும் போட வேண்டாம்.

சொன்ன மறுநாளே சிரித்துக்கொண்டு கூடையோடு வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். எதற்கு இந்த திடீர்க் கரிசனம் என்று தோன்றத்தான் செய்யும். கொஞ்ச நாள் நீங்களே மொட்டு எடுத்துக் கொண்டுவந்து வையுங்கள். வாழைநாரை நனைத்து, இரண்டிரண்டு மொட்டாக எதிரெதிரே வைத்து அவர் தொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். பூக்காரம்மாவையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை கதம்பமோ மரிக்கொழுந்தோ வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் பேரன். பிஞ்சைப் பிய்த்து எறிந்தது தப்புதான். அப்பாரு வீட்டில் அல்லாமல் அந்தத் தப்பை அவன் வேறு எங்கே கற்றுத் திருத்திக்கொள்வான்? வலையைக் கட்டிவிட்டு, செல்போன் பார்க்கிறான் என்று குறைப்படுவதில் நியாயமே இல்லை. வலையை அவிழ்த்துவிடுங்கள். ஏப்ரல் 14 சித்திரைக் கனிக்கு மகன் குடும்பத்தை வரச்சொல்லுங்கள். விடிந்ததும் கண் விழிக்கிற கனித் தட்டை முந்தின இரவு அடுக்குவது அண்ணிதானே? கண்ணாடிக்கு முன்னால் வைக்கிற பூவும் காயும் இந்தத் தடவை பொடக்காலியிலிருந்து போகட்டும். அன்றைக்கே பேரனுக்கென்று ஒரு தொட்டியைக் கொடுத்து வெண்டை விதை போடச் சொல்லுங்கள். குழந்தைக் கைக்கு எடுக்க வாகான விதை, ஒரு வாரத்துக்குள் முளை தெரிந்துவிடும். 45 நாளில் காய்க்கும், அதாவது மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால். லீவில் அவன் உங்களோடு தங்குவதற்கு ஒரு காரணமும் ஆயிற்று. முதல் காயை அவனே பறிக்கட்டும், பச்சையாகவே கடிக்கட்டும். இடையில் ஒரு செடியைப் பிடுங்கிவிட்டால் திட்டாதீர்கள், திரும்ப விதை போடச் சொல்லுங்கள். வேப்பமரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து, உதிர்கிற பூவை அவனையும் அண்ணியையும் சேர்ந்து பொறுக்க விடுங்கள். நிழலில் காயவைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும்.

மல்லி இலை மஞ்சளாவது பற்றி. நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இளம் இலையின் மற்ற இடமெல்லாம் வெளுத்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பு கலந்த மண் அதிகமுள்ள நம் பக்கத்தில் இது அடிக்கடி வருவதுதான். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து இலை நனையத் தெளியுங்கள், பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை. தொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும், அடியில் வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். தெளிக்கிற நாளை அண்ணியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய மொட்டு முழுவதையும் அவர் எடுத்து முடித்த பிறகு, வெயில் தாழ்ந்ததும் தெளிக்கலாம். மறுநாள் எடுக்கிற மொட்டை ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டுத் தொடுக்கச் சொல்லுங்கள், தலையில் வைக்கிற பூ அது.