டிரம்ஸ் தொடங்கினால் என் பேஸ் எங்கே போகிறது?

கேள்வி: வீட்டில் நன்றாகக் கேட்கும் என் 50 வாட்ஸ் பேஸ் கிட்டார் ஆம்ப், பேண்டில் டிரம்ஸ் தொடங்கியதும் காணாமல் போகிறது. வேறு கிட்டார் வாங்கட்டுமா?

பதில்: கிட்டாரை மாற்றாதீர்கள், பணத்தை ஆம்புக்கும் கேபுக்கும், அதாவது ஸ்பீக்கர் பெட்டிக்கும், வையுங்கள். பேஸின் தடித்த இ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலி டிரம்ஸைத் தாண்டிக் கேட்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். பேண்டுக்கு என்றால் 300 வாட்ஸுக்குக் கீழே நான் போகமாட்டேன். ஆனால் வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான். அதனால் எனக்குக் கேப்தான் முக்கியம். ஒரே மாடலில் 8 ஓம் கேப் இரண்டை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மேலே இருப்பது காதுக்குப் பக்கத்தில் வரும். இரண்டும் சேர்ந்தால் மின்தடை பாதியாகி 4 ஓம். பெரும்பாலான ஆம்ப்களுக்கு அதுதான் கீழ் எல்லை, பின்பக்கம் எழுதியிருக்கும். மூன்றாவதை மாட்டினால் அதற்கும் கீழே போய், ஆம்ப் சூடாகிக் கெட்டுப்போகலாம். கேபுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் கூடவே கூடாது.

அப்புறம், இன்றைய ஒத்திகையிலேயே ஆம்பில் தாழ்ந்த ஒலிக்கான பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்து, நடு ஒலிக்கான மிட் குமிழை ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் கரகரப்பாக இருக்கும். பேண்டோடு சேர்ந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக வரும்.