மதம் மாறாமலே மணக்கலாம்

சகோதரி, ஜெர்மானியரான உங்கள் காதலரை மணக்க யாராவது ஒருவர் மதம் மாறியே தீர வேண்டும் என்று மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவசியமே இல்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. நீங்கள் இந்துவாகவும் அவர் கத்தோலிக்கராகவும் இருந்தபடியே பதிவு செய்யலாம். கல்யாணத்துக்காகவோ விசாவுக்காகவோ மட்டும் மதம் மாறாதீர்கள், தயவுசெய்து. அது மனதிலிருந்து வர வேண்டிய விஷயம்.

நீங்கள் மதுரையில் 30 நாள் வசித்திருந்தால் அங்குள்ள திருமணப் பதிவு அலுவலரிடமே, மணக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் கொடுக்கலாம். பிறகு 30 நாள் காத்திருப்பு, மூன்று சாட்சிகள். நோட்டீஸை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். அம்மாவிடம் அதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலாகவோ தெரிந்தால் அந்த வலி ஆறாது.

அவருடைய ஊர்ப் பதிவகம் தரும் திருமணத் தகுதிச் சான்றிதழ் (அவர் மணக்கச் சட்டத் தடை இல்லை என்பதற்கான சான்று) ஆறு மாதம்தான் செல்லும். அதனால் தேதியைக் கணக்குப் போட்டு வாங்கச் சொல்லுங்கள். அப்புறம், ஜெர்மனியில் குடியேற வாழ்க்கைத்துணை விசாவுக்குப் பொதுவாக ஏ1 என்னும் தொடக்க நிலை ஜெர்மன் மொழிச் சான்று கேட்பார்கள். இன்றே படிக்கத் தொடங்குங்கள். இங்கேயே வாழ்வதென்றால், பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நீடித்த பின் அவர் ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டவர் இந்தியாவில் நீண்டகாலம் தங்க உதவும் அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம்.