வாசகர் கேள்வி-பதில்: எங்கள் தெருவுக்கு வந்த பணத்துக்கு யார் கணக்கு?

மாநகராட்சி பட்ஜெட் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வடசென்னையிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. தெரு வேறு, புகார் வேறு, ஆனால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பணம் செலவாகிறது என்கிறார்கள், அதற்கு எங்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கேள்வி: ரோடு போட்டுப் போட்டு எங்கள் வாசற்படிகள் எல்லாம் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. மழை பெய்தால் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வருகிறது. சமீபத்தில் போட்ட ரோடும் அதற்குள் பெயர்ந்துவிட்டது. கவுன்சிலர் மெட்ரோ வாட்டரைக் கைகாட்டுகிறார், மெட்ரோ வாட்டரில் மாநகராட்சிக்குப் போகச் சொல்கிறார்கள். நான் யாரைப் பிடிப்பது?
*– கொருக்குப்பேட்டை வாசகர்*

பதில்: மாநகராட்சியைத்தான். உட்புறத் தெருக்களும் மழைநீர் வடிகாலும் அவர்களுடையவை. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டருடையவை. அது 1978-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மாநில அரசின் வாரியம், உங்கள் கவுன்சிலருக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனால் மெட்ரோ வாட்டரோ மின்வாரியமோ தெருவைத் தோண்டுவதென்றால் ‘ரோடு கட்’ எனப்படும் சாலை வெட்டுக்கு மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும், சீரமைக்கும் செலவையும் கட்ட வேண்டும். ஆகவே “அவர்கள் தோண்டிவிட்டார்கள்” என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். அனுமதி கொடுத்த கடிதம் எங்கே, கட்டிய பணம் எவ்வளவு, அதை வைத்து எப்போது மூடினார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றும் காகிதத்தில் இருந்தாக வேண்டும்.

உயரம் விஷயத்தில் உங்கள் பக்கம் ஒரு அரசு உத்தரவே இருக்கிறது. பழைய ரோட்டின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021-ல் அறிவுறுத்தினார். மில்லிங் என்று சொல்வது இதைத்தான். உங்கள் தெருவில் மில்லிங் நடந்ததா இல்லையா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். மதிப்பீட்டில் மில்லிங்குக்கு என்று தொகை போட்டிருந்து, தெருவில் அது நடக்கவில்லை என்றால், நீங்கள் கேட்கப்போவது புகாரல்ல, கணக்கு.

இனி எப்படிக் கேட்பது? தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். “எங்கள் ரோடு ஏன் இப்படி இருக்கிறது” என்று மட்டும் எழுத வேண்டாம். ‘ஏன்’ என்பதற்குக் காரணம் யோசித்துச் சொல்ல வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் கடமை. எனவே ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், கடைசி பில், ஒப்பந்தத்தில் உள்ள குறைபாட்டுப் பொறுப்புக் காலம். இதில் அளவுப் புத்தகம்தான் உயிர். பொறியியல் ஆட்கள் எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் என்று அளந்து எழுதி உதவிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டிருப்பார், அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகிறது. பொறுப்புக் காலம் முடியாமல் ரோடு பெயர்ந்திருந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்கு இன்னொரு டெண்டர் விட்டால், ஒரே ரோட்டுக்கு நாம் இரண்டு தடவை காசு கொடுக்கிறோம்.

இன்னொன்று, பலர் பயன்படுத்தாத ஒரு உரிமை இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, காகிதத்தைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளிலிருந்து சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. தெருவாசிகள் நாலு பேர் சேர்ந்து, எம்-புக்கில் எழுதியிருக்கும் கனத்தை ரோட்டில் அளந்து காட்டுங்கள் என்று கேட்டால் அந்த மனுவை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 30 நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆணையம் மெதுவாகத்தான் நகரும், தெரிந்தே இறங்குங்கள்.

கேள்வி: வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று பேப்பரில் ஆயிரக்கணக்கான கோடி போடுகிறார்கள். அதில் எங்கள் ஏரியாவுக்கு எவ்வளவு வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*– வியாசர்பாடி வாசகர்*

பதில்: மாநில அரசு 2023-24 பட்ஜெட்டில் இந்தத் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன தொகை மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய். 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் முதல்வர் தொடங்கி வைத்தபோது 11 துறைகள், 219 பணிகள், 4,181 கோடி என்றார்கள். அதற்குப் பிறகும் தொகை ஏறியது. வடசென்னைக்குப் பணம் வருவதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கழிவும் குப்பைக் கிடங்கும் இத்தனை காலம் நம் பக்கம்தான் இருந்தன, வர வேண்டிய பணம்தான் இது. அதனால்தான் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வேண்டும் என்கிறேன்.

பணத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. ஒருங்கிணைக்கிறது, வேலையைப் பல துறைகள் செய்கின்றன. மாநகராட்சி ஒரு அமைச்சகத்தின் கீழ் வருகிறது, சி.எம்.டி.ஏ. இன்னொன்றின் கீழ். இந்த இடத்தில்தான் பொறுப்பு கரைந்துபோகிறது. ஒட்டுமொத்தத் தொகையைக் கேட்டால் ஒட்டுமொத்தப் பதில்தான் வரும். உங்கள் வார்டு எண்ணைப் போட்டு, பணி வாரியாகக் கேளுங்கள்: அறிவித்த தொகை, நிர்வாக அனுமதி கிடைத்த தொகை, இதுவரை உண்மையில் செலவான தொகை. மேடையில் சொல்வது முதல் எண், உங்கள் தெருவுக்கு வந்தது மூன்றாவது எண். அத்துடன் ஒவ்வொரு பணிக்கும் எந்தத் துறையின் நிதி, அது புதிதாக ஒதுக்கியதா அல்லது அந்தத் துறை ஏற்கெனவே செய்ய வைத்திருந்த வேலையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு மனு போய்விட்டால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை, உங்கள் தலைவலி இல்லை.

மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். தமிழிலேயே கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போன வருடம் “தொடங்கப்படும்” என்றிருந்த வேலை இந்த வருடமும் “தொடங்கப்படும்” என்றே இருந்தால், உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்க உங்களுக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. இது கவுன்சிலரிடம் கேட்க வேண்டியதல்ல. சட்டமன்றத்தில் எழுந்து கேட்கக்கூடியவர் எம்.எல்.ஏ.தான்.

கேள்வி: பகுதி சபை என்று ஒன்று இருக்கிறதாமே? எங்கள் வார்டில் நடந்ததாக யாருக்கும் தெரியாது.
*– எர்ணாவூர் வாசகி*

பதில்: இருக்கிறது அம்மா. கிராமசபை மாதிரி நகரத்துக்கும் வேண்டும் என்று பலரும் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது. 2022-ல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி நாளன்று தமிழகமெங்கும் முதல் கூட்டங்கள் நடந்தன. விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் உறுப்பினர்கள், அதாவது நீங்களும்தான். யாரும் அழைக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாக எப்போது நடந்தது, வருகைப் பதிவேடு எங்கே, என்ன முடிவெடுத்தார்கள் என்று மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். நடக்காத கூட்டத்துக்கும் சில இடங்களில் கையெழுத்து இருக்கலாம், அதையும் பார்க்கத்தான் பதிவேடு வேண்டும் என்கிறேன். நடந்தால் போய் உட்காருங்கள். உங்கள் பக்கத்துத் தெருப் பெண்களையும் கூட்டிப் போங்கள், ஏனென்றால் தண்ணி லாரி எத்தனை மணிக்கு வருகிறது, எந்த விளக்கு எரியவில்லை, கழிப்பறை பூட்டு எப்போது திறக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். சொன்னது தீர்மானமாக எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும்.

கேள்வி: நாங்கள் தனி நகராட்சியாக இருந்தபோது தலைவரை வீட்டுக்கே போய்க் கேட்கலாம். சென்னையோடு சேர்த்த பிறகு எல்லாம் ரிப்பன் மாளிகைக்குப் போய்விட்டது. இதற்குப் பெயர் அதிகாரப் பரவலா?
*– கத்திவாக்கம் வாசகர்*

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. 2011-ல் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். அதைவிடப் பெரிய அநியாயம் பிறகு நடந்தது. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இத்தனை பெரிய ஊரின் பட்ஜெட்டை அதிகாரிகளே போட்டு அதிகாரிகளே ஒப்புதல் கொடுத்தார்கள். கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது. உள்ளாட்சிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லி, அது 1993 ஜூனில் நடைமுறைக்கும் வந்த நாட்டில் இது நடந்தது.

இன்றைக்கும் ஆணையரை நியமிப்பது மாநில அரசு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருகிறது, மற்றபடி சொத்து வரி நம்முடையது. வரியை நம்மிடம் ஏற்றும்போது மட்டும் “உள்ளாட்சி” என்று சொல்லி, முடிவெடுக்கும்போது கோட்டையைப் பார்த்தால் அது பரவல் இல்லை. உங்கள் கவுன்சிலரிடம் ஒன்று கேளுங்கள்: உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை மாநகராட்சிக் கணக்கில் எழுதிய தணிக்கைத் தடைகள், அதாவது ஆட்சேபங்கள், எவை, அவற்றுக்கு என்ன பதில் போனது? மன்றத்தில் எழுந்து இதைக் கேட்கும் கவுன்சிலர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவரைத் தாங்கிப் பிடியுங்கள்.

கேள்வி: என் மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். அங்கேயும் ஸ்காட்லாந்துக்குத் தனி அரசு என்கிறாள். அங்கெல்லாம் இப்படி நடக்காதுதானே?
*– ராயபுரம் வாசகி*

பதில்: நடந்தது அம்மா. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1999-ல் வந்தது. அதற்கான கட்டடத்துக்கு முதலில் சொன்ன செலவு 4 கோடி பவுண்டுக்குள், 2004-ல் திறந்தபோது கணக்கு 41 கோடியைத் தாண்டியது. அப்புறம் தீவுகளுக்குப் போகும் இரண்டு கப்பல்கள். 2015-ல் 9 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம், 2018-ல் வர வேண்டியவை. கப்பல் கட்டும் நிறுவனம் நொடித்துப்போய் அரசே அதை எடுத்துக்கொண்டது. முதல் கப்பலில் பயணிகள் ஏறியது 2025 ஜனவரியில், செலவோ பல மடங்கு.

வித்தியாசம் அதற்கு அப்புறம் நடந்ததில் இருக்கிறது. கட்டடத்துக்குத் தனி விசாரணை நடத்தி அறிக்கையைப் பொதுவில் வைத்தார்கள். கப்பல் விஷயத்தில் 2022 மார்ச்சில் தணிக்கையாளர் கேட்டது எவ்வளவு போனது என்று மட்டும் அல்ல. முழு உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தத்துக்கு அமைச்சர்கள் சம்மதித்தது ஏன் என்பதற்குப் போதுமான எழுத்துச் சான்று இல்லை என்று அறிக்கையில் எழுதினார். பெரிய கூச்சல் எழுந்தது, சில வாரங்களில் அந்தச் சம்மதம் பற்றிய ஒரு மின்னஞ்சலைத் தேடி எடுத்து அரசு வெளியிட வேண்டியதாயிற்று. நம் ஊரில் சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கும் அன்று ஒரு நாள் செய்தி, மறுநாள் மறந்துபோகிறோம். 2015 வெள்ளம் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை 2018-ல்தான் சட்டமன்றத்துக்கே வந்தது. சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அந்த அறிக்கைகளை வைத்து என்ன கேட்டது, துறைகள் என்ன பதில் சொன்னன என்று நாமும் பின்தொடர வேண்டும், நம் பத்திரிகைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குப் போன் செய்து புகார் சொன்னேன். ஒன்றுமே செய்யாமல் “சரிசெய்யப்பட்டது” என்று மெசேஜ் வந்துவிட்டது.
*– பெரம்பூர் வாசகர்*

பதில்: அந்த மெசேஜை அழிக்காதீர்கள். அன்றைய தேதி தெரியும்படி அந்த இடத்தைப் படம் எடுத்து, புகார் எண்ணைக் குறிப்பிட்டு, சரிசெய்ததாகப் பதிவு செய்த அலுவலரின் பதவி என்ன, எந்த ஆய்வின் பேரில் பதிவு செய்தார், அந்த வேலைக்குப் பில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று மனு எழுதுங்கள். செய்யாத வேலைக்குப் பணமும் போயிருந்தால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம். 2014-ம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்கத்தான் அது இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. படம், மெசேஜ், தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில், மூன்றின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.