கடிவாளத்தை இழுத்தால் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமெடுக்கிறதா? அடம் பிடிக்கிறது என்று தோன்றுகிறதா?

இழுத்துப் பிடிக்காதீர்கள். ட்ராட்டில் (நடையைவிட வேகமான துள்ளோட்டத்தில்) குதிரை வேகமெடுத்ததும் மூச்சை முழுசாக வெளியே விட்டு, இடுப்பைத் தளர்த்தி, சேணத்தில் அழுந்த உட்காருங்கள். பிறகு கடிவாள வாரை விரல்களால் ஒரு நொடி இறுக்கி, அது கொஞ்சம் தணிந்ததுமே விட்டுவிடுங்கள். விடும்போதுதான் "சரியாகச் செய்தோம்" என்று அதற்குப் புரியும்.

தலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை அடம் என்கிறீர்கள். எனக்கு அது வலி என்றே படுகிறது. கடிவாளக் கம்பி கிடப்பது பல் இல்லாத ஈறின் மேல். தொடர்ந்து இழுத்தால் தலையை உயர்த்தித் தப்பத்தான் பார்க்கும். பயத்தில் நீங்களும் முன்னால் சாய்ந்து, குதிகாலால் விலாவை அழுத்திக்கொண்டிருப்பீர்கள். கை நில் என்கிறது, கால் ஓடு என்கிறது. ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் பிராணிக்கு இரண்டும் கேட்கும்.

சோதித்துப் பாருங்கள்: பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டட்டும். நீங்கள் வாரைத் தொடாமல், மூச்சாலும் உட்காரும் விதத்தாலும் மட்டும் நடைக்கு இறக்குங்கள். இறங்கினால் கோளாறு கையில்தான். (இதைக் கேட்டதற்கு "இன்னும் இழு" என்று கத்துபவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.)

பயிற்சியாளர் ஏறினாலும் இப்படியே தலையைத் தூக்கினால் சவாரியை நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரிடம் பல்லையும் முதுகையும் காட்டச் சொல்லுங்கள். சேணம் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.