ஸ்போர்ட்ஸ் காரில் மைலேஜ் கூட்ட என்ன செய்யலாம்?

கேட்டவர் பாளையங்கோட்டைக்காரர். இரண்டு கதவு, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். ஊருக்குள் லிட்டருக்கு 7, வெளியே போனால் 10 கொடுக்கிறதாம். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்கை மாற்றி எழுதுவது) செய்யலாமா, ஏர் ஃபில்டரை மாற்றலாமா, 100 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா என்று மூன்று கேள்வி.

முதல் இரண்டுக்கும் வேண்டாம் என்பதுதான் பதில். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். யானையைக் கட்டித் தீனி போடுகிறாயே என்று சொந்தக்காரர்கள் கேலி செய்திருப்பார்கள். அவர்கள் நினைக்கிற அளவுக்கு அது யானையும் இல்லை. உயரம் குறைந்த வண்டி, காற்றைக் கிழிக்கிற வடிவம். காற்றில்லாத நாளில் நான்குவழிச் சாலையில் 80, 90 என்று ஒரே சீராகப் போனால் லிட்டருக்கு 15க்குக் குறையக் கூடாது. அப்படியிருந்தும் உங்களுக்கு 10தான் வருகிறது என்றால் பெட்ரோலைக் குடிப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, பிரேக்.

ஒரு சின்னக் கணக்கு. 1,500 கிலோ வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கிற இயக்க ஆற்றல் சுமார் 370 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது என்றாலும் சக்கரத்துக்கு வந்து சேர்வது கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போய்விடும். ஆக, நிற்கிற வண்டியை 80க்குக் கொண்டுவர மட்டும் 45 மில்லி பெட்ரோல் போல ஆகிறது. பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அந்த 45 மில்லியும் டிஸ்க்கில் சூடாகிப் போயிற்று. இன்றைய விலைக்கு நாலரை ரூபாய்க்குக் குறையாது. அப்படி 22 தடவை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி. 100லிருந்து நிறுத்தினால் ஒரு தடவைக்கு 70 மில்லிக்கு மேல்.

இப்போது நம்ம ஊர் ரோட்டை நினைத்துப் பாருங்கள். அம்பாசமுத்திரம் போகிற வழியில் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வரிசையாக ஊர்கள். ஊர் வந்தால் ஸ்பீடு பிரேக்கர் வரும். பெயின்ட் அடித்ததும் இருக்கும், அடிக்காததும் இருக்கும். சாதாரண கார்க்காரர் இருபதில் உருட்டி ஏறி இறங்கிவிடுவார். உங்கள் வண்டி தரையை ஒட்டிக் கிடக்கிறது. அடியில் தட்டும் என்று கிட்டத்தட்ட நின்று, சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். அதுவரை 80ல் வந்த வேகம் மொத்தமும் வீண். அப்புறம், டர்போ இருக்கிறதே என்று ஒரு மிதி. அடுத்த ஸ்பீடு பிரேக்கர் அரை கிலோமீட்டரில். ஸ்போர்ட்ஸ் கார் இந்தப் பக்கம் அதிகம் குடிப்பதற்கு இன்ஜின் சைஸ் ஒரு காரணம் என்றால், இந்த உயரக் குறைவு இன்னொரு காரணம். இதை யாரும் சொல்வதில்லை.

ஆகவே முதல் வைத்தியம் கண்ணுக்கு. ஊர்ப் பெயர்ப் பலகை தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். முந்நூறு மீட்டர் முன்னாலேயே எடுத்தாலும் நஷ்டமில்லை. பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடிக்கும், அடிக்கட்டும். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரை மொத்தமாக மூடிவிடும். வண்டி ஓடுகிற வேகமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. நியூட்ரலுக்குத் தள்ளினால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் கேட்கும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. என் மாமா ஜங்ஷனில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். இறக்கம் கண்டால் கை தானாக நியூட்ரலுக்குப் போகும். கார்புரேட்டர் காலத்துக்கு அது சரியும்கூட, காலை எடுத்தாலும் அந்த இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். என் டர்போ வண்டியில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலை எடுத்ததும் மைலேஜ் காட்டுகிற இடத்தில் எண் போய் வெறும் கோடு வந்தது.

“என்ன மருமவனே, மீட்டர் செத்துப் போச்சா?”

“இல்ல மாமா, இப்ப பெட்ரோலே போகல. அதான் காட்ட ஒண்ணுமில்ல.”

“கியர்லயா கெடக்கு?”

“கியர்லதான்.”

“சும்மா கெட. நியூட்ரல்ல விடு, இன்னும் தூரம் போகும்.”

தூரம் போகும் என்பதில் அவர் சொன்னதும் பொய்யில்லை. நியூட்ரலில் வேகம் மெல்லத்தான் குறையும். சில புது ஆட்டோமேட்டிக் வண்டிகள் ஈகோ மோடில் தாங்களாகவே அப்படி விட்டுவிடும், அது கம்பெனியே யோசித்துச் செய்தது. ஆனால் வேகம் குறைய வேண்டிய இடத்தில், அதாவது ஸ்பீடு பிரேக்கருக்கும் டோல்கேட்டுக்கும் முன்னால், கியரில் விடுவதுதான் லாபம். செங்கோட்டை தாண்டி மலை இறங்கும்போது நியூட்ரல் என்ற பேச்சே கூடாது. அங்கே இன்ஜின் பிடிமானம் இல்லாவிட்டால் பிரேக் காய்ந்துபோகும்.

வேகத்தை ஏற்றுகிற விதம் அடுத்தது. கியர் லீவரை ‘எஸ்’ஸில், அதாவது ஸ்போர்ட் மோடில், போட்டு ஊருக்குள் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், 7 என்ற எண் அதைத்தான் சொல்கிறது. சாதாரண ‘டி’யில் போடுங்கள். பெரிய பெட்ரோல் இன்ஜின் மெதுவாகப் போகும்போது காற்றை உள்ளே விடுகிற த்ராட்டில் கதவு முக்கால்வாசி மூடித்தான் இருக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுப்பதற்கே சக்தி போகிறது. அதே வேகத்தை உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில் போனால் த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும், அந்த நஷ்டம் குறையும். டர்போ இன்ஜின் பெரும்பாலும் 1,500 சுற்றிலிருந்தே நன்றாக இழுக்கும், 4,000க்கு விரட்டத் தேவையில்லை. அதற்காக மாட்டு வண்டி வேகத்தில் ஏற்றவும் வேண்டாம். பாதி மிதி மிதித்து, வேண்டிய வேகத்துக்கு வந்து, மேல் கியர் விழுந்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முழு மிதி மட்டும் கூடாது. முழு மிதியில் பல டர்போ இன்ஜின்கள் தங்களைக் குளிரவைக்கவே தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றும். நம்ம சித்திரை வெயிலில், டர்போ அனுப்புகிற காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரும் காய்ந்து கிடக்கும், பெட்ரோல் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டாமல் இருக்க கம்ப்யூட்டர் தீப்பொறி விடுகிற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அப்போது பெட்ரோலும் போகும், இழுவையும் இருக்காது.

வேகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 80க்கும் 120க்கும் இடையில் அது இரண்டேகால் மடங்கு. ஆனால் நம்ம பக்கத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஆனி ஆடியில் நாகர்கோவில் போய்ப் பாருங்கள். வள்ளியூர் தாண்டி, பணகுடி தாண்டி, காவல்கிணற்றில் மேற்கே திரும்பியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது சும்மாவா. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அங்கே எதிர்காற்று 40 கிலோமீட்டர் என்றால், நீங்கள் 80ல் போனாலும் வண்டிக்கு அது 120ல் போகிற எதிர்ப்புத்தான். அன்றைக்கு மைலேஜ் விழுந்தால் வண்டியைக் குறை சொல்லாதீர்கள். வேகத்தை 65, 70க்குக் குறையுங்கள், ஐந்து நிமிஷம் தாமதமாகும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், ஆனால் போகும்போது விட்ட அளவுக்கு அது திருப்பித் தராது. இருமடிக் கணக்கு அப்படி.

ஊருக்குள் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 7ஐ எட்டரை ஆக்கலாம், 12 ஆக்க முடியாது. சமாதானபுரத்திலிருந்து வண்ணார்பேட்டை போய்வருகிற தூரத்துக்குள் இன்ஜின் ஆயில் சரியாகச் சூடாகக்கூட ஆகாது, ஆறின இன்ஜின் அதிகம் குடிக்கும். மூன்று வேலையை ஒரே ஓட்டத்தில் முடிப்பது நல்லது. குலவணிகர்புரம் ரயில்வே கேட் போட்டிருந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஏசியோடு சும்மா நிற்கிற 2 லிட்டர் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் குடிக்கும். டர்போ வண்டியை உடனே அணைக்கக் கூடாதே என்ற பயம் வேண்டாம். நான்குவழிச் சாலையில் விரட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால்தான் ஒரு நிமிஷம் ஓடவிட வேண்டும், டவுனுக்குள் ஊர்ந்து வந்த வண்டிக்கு அது தேவையில்லை. ஏசியைப் பொறுத்தவரை, வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் முதல் இரண்டு நிமிஷம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டுவிட்டு ஏசி போடுங்கள். நான்குவழிச் சாலையில் கண்ணாடி மூடியே இருக்கட்டும்.

பட்டறையில் பார்க்க வேண்டியதில் டயர் காற்று முதலிடம். கதவு நிலையில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள அளவு, அதுவும் காலையில் டயர் ஆறியிருக்கும்போது. பஞ்சர் கடைத் தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே அளவு பிடிப்பார், நீங்கள்தான் சொல்லி வாங்க வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் அழகுக்காகப் பெரிய அலாயும் அகல டயரும் மாட்டியிருந்தால், அதுவும் தின்னும். கம்பெனி சைஸுக்குத் திரும்புங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால், இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். “நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு” என்று அதைக் கழற்றி எறிகிற பழக்கம் பழைய பட்டறைகளில் உண்டு. அது இல்லாவிட்டால், அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டால், இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. ஆறின இன்ஜின் என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். சோதிப்பது சுலபம். நான்குவழிச் சாலையில் பதினைந்து நிமிஷம் ஓடிய பிறகும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வராவிட்டால் சந்தேகப்படலாம். முள் இல்லாத வண்டியில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் 90 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். ஆயிலும் அப்படித்தான். மேனுவலில் 5டபிள்யூ30 என்று இருந்தால் அதுதான், கெட்டி ஆயில் நல்லது என்று 20டபிள்யூ50 ஊற்ற விடாதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஏர் ஃபில்டர்: அழுக்கானால் இழுவை குறையும், ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியில் மைலேஜ் பெரிதாக மாறாது, வருகிற காற்றை அளந்துதான் பெட்ரோல் போகிறது. கூம்பு மாதிரி திறந்த ஃபில்டர் மாட்டினால் பானெட்டுக்குள் இருக்கிற சூடான காற்றை இழுக்கும், சத்தம்தான் மிச்சம். ரீமேப் செய்தால் பவர் கூடும். சீராகப் போகும்போது கம்பெனி மேப்பே சரியான கலவையில்தான் ஓடுகிறது, அங்கே மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. கூடின பவரைக் கால் சும்மா விடாது. காந்தம், மாத்திரை, சிகரெட் லைட்டரில் செருகுகிற பெட்டி இவற்றுக்கெல்லாம் காசு கொடுப்பதற்குப் பதில் சாந்தி ஸ்வீட்ஸில் அல்வா வாங்கலாம்.

பெட்ரோல். டேங்க் மூடிக்கு உள்ளே ஆக்டேன் எண்ணைப் பாருங்கள், பெட்ரோல் எவ்வளவு தட்டலைத் தாங்கும் என்பதுதான் அது. ‘குறைந்தது 95’ என்று எழுதியிருந்தால், 91 போட்டால் உங்கள் இன்ஜின் தட்டலுக்குப் பயந்து அடக்கித்தான் ஓடும். 95 போடுவதில் அர்த்தம் இருக்கிறது, இழுவை சுத்தமாகும், மைலேஜ் கொஞ்சம் தேறலாம். 100க்குக் கொடுக்கிற கூடுதல் விலை மைலேஜில் திரும்ப வராது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் கேட்பீர்கள். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கிற ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஆறேழு சதவீதம் அங்கே போகிறது. 10 கொடுத்த வண்டி 9.3 கொடுத்தால் அது உங்கள் கோளாறு அல்ல. ஆக்டேன் கூடியது என்றாலே எத்தனால் இல்லாதது என்றும் அர்த்தமில்லை.

மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பாமல் ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் தானாக நிற்கிற வரை மட்டும் ஃபுல் டேங்க் என்று அளந்து பாருங்கள். காற்றில்லாத மாதமாக, மார்கழி தையில், காலையில் கிளம்பி மதுரை போய்த் திரும்புங்கள். 90ஐத் தாண்டாமல் ஓட்டியும் 13க்குக் கீழே வந்தால் ரீமேப் கடைக்குப் போகாதீர்கள், நேராக அந்தத் தெர்மோஸ்டாட்டையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.