டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் விந்தணு பூஜ்யமும்

கேள்வி: வயது 31. ஜிம்மில் சொன்னபடி 8 மாதமாக வாரம் 250 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். விந்துப் பரிசோதனையில் விந்தணு பூஜ்யம். ரத்தத்தில், விரையைத் தூண்டும் ஹார்மோன்களான எல்.எச். 0.1, எஃப்.எஸ்.எச். 0.2. விரைக்குள் இருக்கும் தடுப்பரண் உடைந்து, ஜீன்களும் மாறிவிடும் என்று இணையத்தில் படித்தேன். விந்தணுவுக்கு எதிர்ப்புப்பொருள் உருவாகியிருக்குமா? இனி எனக்குக் குழந்தை பிறக்காதா?

பதில்: பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஊசியை இன்றே நிறுத்தினால். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் உங்கள் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிட்டது. விந்தணு உருவாக, ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள் வேண்டும். அதை அங்கேயே சுரக்க வைப்பது எல்.எச்.தான். ஊசி ரத்தத்தில் மட்டும் ஏறும்.

நீங்கள் படித்த தடுப்பரணில், விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அடைக்கும் புரதம் கிளாடின்-11. ஹார்மோன் குறைந்தால் அதன் அமைப்பு குலையும். ஹார்மோன் திரும்பியதும் அரண் மீண்டும் அமைவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். ஜீன் அப்படியேதான் இருக்கிறது. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் கூடிக் குறைகிறது. எதிர்ப்புப்பொருளை விந்தில் பார்க்க நீந்தும் விந்தணு வேண்டும். ஒன்றுகூட இல்லாதபோது அந்தச் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

நிறுத்தியபின் சில வாரங்கள் சோர்வும் ஆசைக் குறைவும் வரும். அதற்காக மறுபடி ஊசிக்கு ஓடக் கூடாது. விரையை மறுபடி தூண்டும் என்று ஜிம்மில் நீட்டும் குளோமிஃபீன், எச்.சி.ஜி. மருந்துகளும் வேண்டாம், தேவைப்பட்டால் ஹார்மோன் மருத்துவர் அளவு பார்த்துத் தருவார். விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். எனவே 3 மாதத்துக்கு முன் பரிசோதித்துப் பயனில்லை. பலருக்கு 6 முதல் 12 மாதத்தில் திரும்பும், சிலருக்கு 2 ஆண்டுகூட ஆகும். மாதிரி கொடுக்கும் முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருங்கள். மறுபடியும் பூஜ்யம் என்றால், மாதிரியைச் சுழற்றி அடிவண்டலைப் பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. ஊசியை விட்டபின் எஃப்.எஸ்.எச். இயல்பு அளவைத் தாண்டி ஏறுகிறது, விந்தணு மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றால் கோளாறு விரையிலேயே இருக்கிறது. ஊசிக்கு முன்பே இருந்திருக்கலாம். அப்போது காத்திருக்காமல் ஆண்ட்ராலஜி (ஆண் இனப்பெருக்க மருத்துவ) நிபுணரிடம் கேரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கையும் அமைப்பும் பார்க்கும் சோதனை), ஒய் குரோமோசோமில் சிறு பகுதி விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் நுண்ணிழப்புச் சோதனை இரண்டையும் செய்யுங்கள். ஒய் குரோமோசோமில் விந்தணுவுக்குத் தேவையான ஏ.இசட்.எஃப். ஏ, பி, சி பகுதிகளில் சி மட்டும் இல்லையென்றால் விரையிலிருந்தே விந்தணு எடுக்க வாய்ப்புண்டு. ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் கிடைக்காது. முடிவு தெரியாமல் யாரையும் விரையைக் கீற விடாதீர்கள். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் அவருடைய பரிசோதனைகளை இப்போதே தொடங்குங்கள்.